இசைத்தட்டில் யார் குரல்?

நாணயம் நின்றது.

சுழன்றுகொண்டிருந்த தட்டுக்கு ஒரு விரல் தள்ளி, மரப்பலகையின் மேல், விளிம்பில் நிறுத்தி வைத்த ஒற்றை நாணயம். விழவில்லை. நடுங்கக்கூட இல்லை. மாப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஓடும் லிஃப்ட்டின் தரையில் இப்படி நாணயத்தை நிறுத்திப் பார்ப்பது அவருடைய தொழில் வழக்கம். மேலிருந்து கீழே வரும்வரை அது விழாமல் நின்றால்தான் லிஃப்ட்டை ஒப்படைப்பார். வீட்டில் செய்த ரெக்கார்டு பிளேயருக்கும் அவர் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தார்.

"ஏங்க!"

நாணயம் பொத்தென்று விழுந்தது.

"இப்ப விழுந்தது உன்னாலதான்" என்றார், வாசலில் நின்ற மனைவியிடம்.

"அப்ப குறை மெஷின்ல இல்லை, பொண்டாட்டிகிட்டதான். சரி, அதுக்கு ஒரு ஸ்க்ரூ டைட் பண்ணுங்க. அம்மா டேப்போட வந்துட்டிருக்காங்க."

"எந்த டேப்?"

"அளக்கற டேப்."

மாப்பிள்ளை பிளேயருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். வீடு மாமியாருடையது. மாமியார் தலைமை ஆசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்றது பதவி மட்டும்தான், குரல் இன்னும் பணியில் இருந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். வெளியே போய்த் தெருநாய்களோடு நடக்க முடியாது என்று மாமியார் ஒரு ட்ரெட்மில் வாங்கினார். அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் ஹாலின் நடுவில் நின்று, இப்போதைக்கு ஈரத் துண்டுகளைக் காயவைக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது கச்சிதமாகப் பொருந்தக்கூடிய ஒரே இடம் ஹாலை ஒட்டிய சின்ன அறை. அந்த அறையில்தான் மாப்பிள்ளையின் ராஜ்ஜியம் நடந்தது.

மாமியார் உள்ளே வந்தார். டேப்பின் ஒரு முனையை மகளிடம் கொடுத்தார்.

"பிடி."

"அம்மா, அவர் இன்னும்..."

"பிடின்னா பிடி."

டேப் சுவரிலிருந்து சுவருக்கு நீண்டது, மாப்பிள்ளையின் மூக்கை உரசிக்கொண்டு.

"அத்தை, கொஞ்சம் பாத்து! அது டோன் ஆர்ம்."

"என்னது?"

"முள்ளைத் தாங்கற கை."

மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது என் குடைக்கம்பி மாதிரி இருக்கே?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். மனைவி விட்டத்தைப் பார்த்தாள்.

குடையின் நடுக்கம்பியேதான். வளையாத, எடையில்லாத, உள்ளே வயர் ஓடக்கூடிய அலுமினியக் குழாய்க்கு அதைவிட நல்ல ஆள் கிடைக்கவில்லை. அதன் வால்பக்கம் எடைக்குத் தொங்கியது, லிஃப்ட் தண்டவாளம் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் பித்தளைத் தூக்குக்குண்டு. சுழலும் தட்டைக் கடைந்து கொடுத்தது லேத் பட்டறை. அதன் அச்சு ஒரே ஒரு எஃகு உருண்டையின் மேல் உட்கார்ந்து சுற்றியது. மோட்டார், ஆயுள் முடிந்த ஒரு ஜெராக்ஸ் மெஷினின் வயிற்றிலிருந்து வந்தது. ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் முன்பிறவியில் அலமாரிக் கதவுகள். ஒன்றின் முதுகில் சாவித் துவாரம்கூட அப்படியே இருந்தது. முள்ளின் சாய்வைச் சரிபார்க்க, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் மனைவி தன்னுடைய பூதக்கண்ணாடியைக் கடன் கொடுத்திருந்தாள். அதற்குப் பிரதி உபகாரமாக ஒரு வாரம் பாத்திரம் கழுவ ஒப்புக்கொண்டு, ஒரு மாதமாகக் கழுவிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

"இது பாடுமா, பாடாதா?" என்றார் மாமியார்.

"பாடுது அத்தை. இன்னும் கொஞ்சம் மட்டும்..."

"இந்த 'இன்னும் கொஞ்சம்' எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் எழுதாத பசங்க எல்லாம் இதைத்தான் சொல்லுவாங்க." டேப்பைச் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் தங்கச்சி வர்றா. அண்ணியும் வர்றாங்க, அந்த ரெக்கார்டை எடுத்துக்கிட்டு."

"எந்த ரெக்கார்டு?"

"ஆரம்பிச்சாச்சு" என்று முணுமுணுத்தாள் மனைவி.

"அதுல பாடினது நானா அவளான்னு உங்க மெஷின் சொல்லணும். யார் கேட்டாலும் மறுபேச்சு பேச முடியாதபடி சொல்லணும். சொல்லிச்சுன்னா இந்த ரூம் உங்களுக்கு. சொல்லலைன்னா ட்ரெட்மில்லுக்கு. இதெல்லாம் மாடிக்குப் போயிடும்."

"மாடில கூரையே இல்லையே அத்தை!"

"அது உங்க கவலை."

அந்த ரெக்கார்டின் வரலாற்றை மனைவி பாத்திரம் கழுவும் நேரத்தில் சொன்னாள். மாப்பிள்ளை கழுவ, அவள் துடைத்தாள்.

மாமியாரும் அவருடைய தங்கையும் கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாடகக் குழுவில் பின்பாட்டுப் பாடினார்கள். குழு ஒரே ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. அதில் முதல் பாட்டு ஆரம்பிக்கும் முன் சொற்கள் இல்லாத ஒரு ஹம்மிங். ஒரே ஒரு பெண் குரல். அதை இரண்டு பேருமே தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்தார்கள். எதைத் தட்டில் சேர்த்தார்கள் என்று சொல்வதற்குள் இசையமைப்பாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். உறையில் 'குழுவினர்' என்று மட்டும் போட்டிருந்தது. அன்றைக்குத் தொடங்கியது சண்டை.

"இத்தனை வருஷமா யாரும் போட்டுக் கேக்கலையா?"

"கேக்காம என்ன? எங்க வீட்டுல ஒரு பிளேயர் இருந்தது. அதுல போட்டா அம்மா குரல். சித்தி வீட்டுல ஒண்ணு இருந்தது. அதுல போட்டா சித்தி குரல். ரெண்டு பேரும் மத்தவங்க பிளேயர் மோசடின்னாங்க. அப்புறம் ரெண்டு பிளேயரும் மண்டையைப் போட்டுடுச்சு. ரெக்கார்டை நடுநிலையா அண்ணிகிட்ட குடுத்து வச்சிருக்காங்க."

அண்ணி என்பது மாமியாருடைய அண்ணன் மனைவி. மாமியாரும் தங்கையும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் பிறந்த குழந்தைகள், வந்த மாப்பிள்ளைகள், ஏன், பேப்பர் போடுகிறவர்கூட அவரை அண்ணி என்றே கூப்பிட்டார்கள்.

"பாடின அன்னிக்கு அண்ணியும் ஸ்டுடியோவுக்குத் துணைக்குப் போயிருக்காங்க. அவங்கதான் ஒரே சாட்சி" என்றாள் மனைவி.

"அப்ப அவங்களையே கேக்க வேண்டியதுதானே?"

"கேக்கறாங்க. வருஷா வருஷம். 'சரியா ஞாபகம் வரலைம்மா'ம்பாங்க. அடுத்த வருஷமாவது ஞாபகம் வரட்டும்னு அம்மா ஒரு சால்வை குடுப்பாங்க. சித்தி ஒரு கைப்பை குடுப்பாங்க."

மாப்பிள்ளை ஒரு தட்டைக் கழுவுவதை நிறுத்தினார். "எத்தனை கைப்பை இருக்கும்?"

"அவங்க வீட்டுல கைப்பைக்குத் தனி அலமாரி."

அந்த வாரம் முழுவதும் மாப்பிள்ளை ஒரு எதிரியைத் துரத்தினார். எதிரியின் பெயர் உறுமல். முள்ளை இறக்கினால் பாட்டுக்குப் பின்னால், பக்கத்து அறையில் யாரோ குறட்டை விடுவதுபோல, ம்ம்ம் என்று ஒரு சத்தம். ஆம்ப்ளிபையரைத் தள்ளி வைத்தார், உறுமியது. வயர்களை மாற்றினார், உறுமியது. எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் சேர்த்தார். கொஞ்சம் மரியாதையாக உறுமியது.

சனிக்கிழமை காலையில் அவருக்கு ஒன்று தோன்றியது. லிஃப்ட்டில் மெயின் கரண்ட் தகராறு செய்தால் அவர் முதலில் செய்வது, அதைத் துண்டித்துவிட்டு மாற்று மின்சாரத்தில் ஓட்டிப் பார்ப்பது. அதையே இங்கும் செய்தார். மாடிப்படி அடியில் இருந்த பழைய இன்வெர்ட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, மோட்டார், ஆம்ப்ளிபையர், மேஜைக்கு மேலே மாட்டியிருந்த ட்யூப்லைட் என்று அறையில் இருந்த எல்லாவற்றையும் அதில் சொருகினார்.

முள்ளை இறக்கினார். உறுமல் போயே போச்சு!

அதே உற்சாகத்தில் வேகத்தையும் சரிபார்த்தார். அதற்கு ஒரு வட்ட அட்டை உண்டு. விளிம்பு முழுக்க நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள். அதைச் சுழலும் தட்டின் மேல் வைத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் விளக்கு விட்டுவிட்டு எரிவதால், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வேகம் கூடினால் முன்னால் நகரும், குறைந்தால் பின்னால் நகரும். மோட்டாரின் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். கோடுகள் நின்றன. பள்ளிக்கூட அசெம்பிளியில் மாமியாரைப் பார்த்த பிள்ளைகள்போல அப்படியே நின்றன.

"வரட்டும், எல்லாரும் வரட்டும்" என்று கைகளைத் தட்டிக்கொண்டார் மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள்.

முதலில் சின்ன மாமியார். அழகு நிலையம் நடத்துபவர். உள்ளே நுழைந்ததுமே மாப்பிள்ளையின் தலையைப் பார்த்து, "யார் வெட்டினது? புல் வெட்டறவரா?" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "ட்ரெட்மில் எப்படி இருக்கு? துண்டெல்லாம் இளைச்சிருக்கா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதே."

"ஆரம்பிச்சது நானா? அன்னிக்கு மைக் முன்னாடி போய் முதல்ல நின்னது யாரு?"

பின்னாலேயே அண்ணி வந்தார். மெலிந்த உடம்பு, தோளில் சால்வை, கையில் புத்தம்புதுக் கைப்பை, மார்போடு அணைத்த ரெக்கார்டு. அந்த அறையில் ஒரே ஒரு நல்ல நாற்காலி. அதை மாமியார் இந்தப் பக்கம் பிடித்தார், சின்ன மாமியார் அந்தப் பக்கம் பிடித்தார், அண்ணி உட்கார்ந்தார். கேக்கில் முதல் துண்டு அண்ணிக்கு. டீயில் முதல் கோப்பை அண்ணிக்கு. ஃபேனைத் தன் பக்கமாகத் திருப்பிவிட்டதும் அண்ணி தொண்டையைச் செருமினார். எது பேசுவதானாலும் முதலில் அந்தச் செருமல் வரும்.

"க்ஹும். எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு சிரமம்? பழசை எல்லாம் கிளறணுமா?"

"கிளறத்தான் அண்ணி கூப்பிட்டதே" என்றார் மாமியார்.

மாப்பிள்ளை ரெக்கார்டை வாங்கித் துணியால் துடைத்து, தட்டில் வைத்தார். ட்யூப்லைட் எரிந்தது. தட்டு சுழன்றது. குடைக்கம்பிக் கை மெல்ல இறங்கியது. முள் பள்ளத்தைத் தொட்டது.

சின்னதாக ஒரு கீறல் சத்தம். பிறகு, ஒரு பெண் குரல். மெல்லிய, துடிப்பான, கொஞ்சம் அவசரக்கார ஹம்மிங். அலமாரிக் கதவுகளுக்குள்ளிருந்து அது அறை முழுக்கப் பரவியது. உறுமல் இல்லை. நடுக்கம் இல்லை. மாப்பிள்ளைக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை, அப்படியொரு சுத்தம்.

சின்ன மாமியார் எழுந்தே நின்றுவிட்டார்.

"நான்தான்! கேட்டியா அக்கா? நான்தான்! இதோ இந்த இழுப்பு இருக்கே, இது என் இழுப்பு!"

மாமியாரின் முகம் கறுத்தது. அவர் தங்கையைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு ட்ரெட்மில் இருந்த திசையைப் பார்த்தார்.

"இது வேகமா ஓடுது" என்றார்.

"இல்லை அத்தை. நேத்துதான்..."

"குரல் பஸ்ஸைப் பிடிக்க ஓடற மாதிரி இருக்கு. வேகம்."

"க்ஹும். எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணி. "இதோட விட்டுடலாமே."

மாப்பிள்ளைக்குத் தன்மானம் பொங்கியது. முள்ளைத் தூக்கிவிட்டு, கோட்டு அட்டையை எடுத்து ரெக்கார்டின் மேல் வைத்தார். "வாங்க அத்தை, உங்க கண்ணாலேயே பாருங்க. வேகம் தப்பா இருந்தா இந்தக் கோடு எல்லாம் நடக்கும். நடக்குதா?"

மாமியார் குனிந்தார். கோடுகள் கல்லாக நின்றன.

"நடக்கலை" என்று ஒப்புக்கொண்டார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஹா!" என்றார் சின்ன மாமியார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கீக். கீக். கீக்.

மேஜைக்கு அடியிலிருந்து இன்வெர்ட்டர் கத்தியது. நேற்றிலிருந்து ஓடிய பேட்டரி தீரப்போகிறது.

"பாரத்தைக் குறைங்க, பாரத்தைக் குறைங்க!" என்று பதறினார் மாப்பிள்ளை.

மனைவி சட்டென்று ட்யூப்லைட்டின் ப்ளக்கைப் பிடுங்கினாள். ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து வந்து அதில் சொருகினாள். விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. கீக் சத்தம் நின்றது.

"ஏங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. "கோட்டைப் பாருங்க."

கோடுகள் நடந்தன!

சும்மா நடக்கவில்லை. இவ்வளவு நேரம் சிலையாக நின்ற கோடுகள், இடைவேளை மணி அடித்த மாதிரி வரிசையாக முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை குமிழைப் பார்த்தார். யாரும் தொடவில்லை. மோட்டாரைப் பார்த்தார். அதே வேகம்தான். மாறியது விளக்கு ஒன்றுதான். விளக்குக்கு வரும் கரண்ட் ஒன்றுதான்.

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"என்ன?" என்றார் மாமியார்.

"அத்தை... அந்த இன்வெர்ட்டர் கிழம். அதோட துடிப்பு மெயின் கரண்ட்டோட துடிப்பைவிடக் கொஞ்சம் அவசரம். அந்த விளக்கை வச்சு வேகம் பாத்தேன். அதனால..."

"அதனால?"

"மெஷின் வேகமாத்தான் ஓடுது."

மாமியார் நிமிர்ந்தார். இருபது வகுப்பறைகளைக் கட்டி ஆண்ட நிமிர்வு அது. "நான் என்ன சொன்னேன்?"

"தப்பான கடிகாரத்தைப் பாத்து இன்னொரு கடிகாரத்துக்கு நேரம் வச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. "இதுல ஒரு மாசம் என் பூதக்கண்ணாடி வேற."

மாப்பிள்ளை குமிழைத் திருகினார். பின் கழுத்தில் மாமியாரின் மூச்சு. வலது காதில் சின்ன மாமியாரின், "பாத்துத் திருகுங்க மாப்பிள்ளை, பாத்து!" பதற்றத்தில் வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திருகிவிட்டார். கோடுகளைப் பார்ப்பதற்குள் மாமியார் அட்டையைத் தூக்கிவிட்டு, "போடுங்க!" என்றார்.

முள் இறங்கியது. கீறல் சத்தம். ஹம்மிங்.

இந்த முறை குரல் கனமாக, நிதானமாக, வகுப்பைச் சுற்றி நடந்துகொண்டே டிக்டேஷன் சொல்வதுபோல வந்தது.

மாமியாரின் கண்கள் தானாக மூடிக்கொண்டன. "என் குரல்" என்றார். "இதுதான் என் குரல்."

"இது தூங்கற குரல்!" என்று பாய்ந்தார் சின்ன மாமியார். "குமிழைத் திருகினா யார் குரல் வேணும்னாலும் வரும் போலிருக்கே! அண்ணி, நீங்களே சொல்லுங்க!"

"க்ஹும். இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணி. "கேக் இன்னும் ஒரு துண்டு இருக்குமா?"

மனைவி அண்ணியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சின்ன மாமியார் விடுவதாக இல்லை. "இன்வெர்ட்டர் பொய் சொல்லுதுன்னா, மெயின் கரண்ட் உண்மை சொல்லுதுன்னு யார் சொன்னது? அது உங்க மாமாவா?"

கேள்வி நியாயமானது. மாப்பிள்ளை ஒரு நிமிடம் யோசித்தார். விளக்கை நம்ப முடியாவிட்டால் என்ன? விளக்கே இல்லாமல் பார்த்தால் போகிறது. லிஃப்ட்டின் வேகத்தை அப்படித்தானே பார்ப்பார்கள், தளத்தை எண்ணி, கடிகாரத்தைப் பிடித்து?

"ரெக்கார்டு மூணு நிமிஷத்துல சரியா நூறு சுத்து சுத்தணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எண்ணிடலாம்."

ரெக்கார்டின் ஓரத்தில் சின்னக் காகிதக் கொடி ஒன்றை ஒட்டினார். மனைவி போனில் நேரம் பிடித்தாள். எல்லோரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

"...பதினாலு, பதினஞ்சு, பதினாறு..."

"க்ஹும். இப்ப போனது இருபதா?"

"...பதினே... இருபத்தி... அண்ணி!"

மறுபடி ஆரம்பித்தார்கள். முப்பத்திரண்டில் அண்ணிக்கு இருமல் வந்தது. மறுபடி. ஐம்பதுக்குப் பக்கத்தில் ஃபேன் கொடியைப் பறக்கடித்துவிட்டதாகத் தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். கொடி பறக்கவில்லை. எண்ணிக்கைதான் பறந்தது.

மாமியார் எழுந்தார். மேஜை மேலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்தார்.

"அண்ணி. உதட்டுல விரல்."

"நான் என்ன..."

"விரல்!"

அண்ணி உதட்டில் விரல் வைத்தார். மாமியார் ஒவ்வொரு சுற்றுக்கும் மேஜை ஓரத்தில் ஸ்கேலால் தட்டினார். சின்ன மாமியார் தனியாக விரல் மடக்கி எண்ணினார். மூன்று நிமிடம் முடிந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

"தொண்ணூத்தி ஆறு."

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே பதிலைச் சொல்லிக் கேட்டவர்கள் அந்த வீட்டில் யாரும் இல்லை.

"அப்ப இது மெதுவா ஓடியிருக்கு" என்றார் சின்ன மாமியார் மெல்ல. "உன் குரல் கேட்டப்ப மெதுவு."

"உன் குரல் கேட்டப்ப வேகம்" என்றார் மாமியார்.

"உங்க வீட்டு பழைய பிளேயர்ல பெல்ட் தளர்ந்து கிடந்தது, ஞாபகம் இருக்கா?"

"உங்க வீட்டுது ஒரு நிமிஷம் நிக்காம பறக்குமே."

அண்ணி உதட்டிலிருந்து விரலை எடுக்காமலே கைப்பையைத் தேடினார்.

"எனக்குக் கொஞ்சம் வேலை..."

"உக்காருங்க அண்ணி" என்றாள் மனைவி, கதவில் சாய்ந்துகொண்டு. "கேக் வருது."

மாப்பிள்ளை குமிழை இந்த முறை மூச்சுவிடாமல் திருகினார். மயிரிழை. மறுபடி எண்ணினார்கள். தொண்ணூற்றொன்பது. இன்னொரு மயிரிழை. மறுபடி.

"நூறு" என்றார்கள் இருவரும்.

கோட்டு அட்டையை வைத்துப் பார்த்தார். மெயின் விளக்கு வெளிச்சத்தில் கோடுகள் அசையவில்லை. கடிகாரமும் விளக்கும் ஒரே சாட்சி சொல்லின.

"பூதக்கண்ணாடி" என்று கை நீட்டினார். மனைவி கொடுத்தாள். முள்ளின் நுனியில் ஒரு தூசு. தூரிகையால் தட்டினார். பித்தளைக் குண்டை ஒரு நூலளவு பின்னால் நகர்த்தினார். இனி அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அறை கிடைக்குமோ, மொட்டை மாடி கிடைக்குமோ, அந்தப் பள்ளத்துக்குள் இருப்பது வெளியே வரட்டும்.

முள் இறங்கியது.

முதலில் அந்தக் கீறல் சத்தம். ஆனால் இப்போது அது கீறலாக இல்லை. வேகம் சரியாகி, தூசு போய், தெளிவாகக் கேட்டது.

'க்ஹும்.'

பிறகு ஹம்மிங். மாமியாரின் கனமும் இல்லை. சின்ன மாமியாரின் துடிப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், பயப்படாத, குளிர்ந்த, வேறு ஒரு குரல். எவ்வளவு அழகாக இருந்தது என்றால், ஒரு கணம் யாருக்கும் அது யார் என்று கேட்கவே தோன்றவில்லை.

மாப்பிள்ளை முள்ளைத் தூக்கினார். அந்த மௌனத்தில் மூலை நாற்காலியிலிருந்து, பழக்கதோஷத்தில்,

"க்ஹும்."

நான்கு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"அண்ணி!" என்றார் மாமியார்.

"அண்ணி?" என்றார் சின்ன மாமியார்.

அண்ணி உதட்டில் மறுபடி விரலை வைத்துக்கொண்டார். அது இந்த முறை செல்லுபடியாகவில்லை.

"எப்ப பாடினீங்க?" ஸ்கேல் மேஜையில் விழுந்தது. "நாங்க எங்க போயிருந்தோம்?"

"ரெண்டு பேரும் வெளிய நின்னு யார் நல்லாப் பாடினதுன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தீங்க" என்றார் அண்ணி. "மைக் சரியா இருக்கான்னு பாக்கணும், நீங்க கொஞ்சம் ஹம் பண்ணுங்கன்னு அந்த மியூசிக் ஆள் கேட்டாரு. பண்ணினேன். போதும்னாரு. நானும் கைப்பைங்களை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ரெக்கார்டு வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் வந்தேன். சொல்றதுக்கு முன்னாடி, நீ உன் நல்ல குடையை என் கையில குடுத்து, 'அண்ணி, நான்தான்னு சொல்லிடுங்க'ன்னே. யோசிச்சு சொல்றேன்னேன். சாயங்காலம் இவ வந்து ஒரு சென்ட் பாட்டிலைக் குடுத்தா. சரி, ஒரு வாரம் போகட்டும்னு நினைச்சேன்."

"ஒரு வாரம்!"

"அது அப்படியே நீண்டுபோச்சு. என் மேல என்ன தப்பு? இந்தக் குடும்பத்துல எனக்கு நாற்காலி போட்டு, ஃபேனைத் திருப்பி, முதல் துண்டு கேக் குடுத்தது எல்லாம் எதுக்காக? அண்ணிங்கறதுக்காகவா? சாட்சிங்கறதுக்காக. நான்தான் பாடினேன்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைச் சமையலறையில உக்கார வச்சிருப்பீங்க."

அது உண்மை என்பது அக்காவுக்கும் தங்கைக்கும் தெரிந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். அங்கிருந்து அவள் சிரிப்பு கேட்டது.

முதலில் சின்ன மாமியாரின் உதடு துடித்தது. பிறகு மாமியாரின் தோள் குலுங்கியது. அழுகிறார்களோ என்று மாப்பிள்ளை பயந்துபோனார். இல்லை.

"குடை மட்டுமா அக்கா? நான் குடுத்த கைப்பை எல்லாம் வச்சு ஒரு கடை போடலாம்!"

"சால்வை! வருஷத்துக்கு ஒரு சால்வை!"

சிரித்து ஓய்ந்ததும் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி தலைமை ஆசிரியை ஆனார்.

"இதுக்குத் தண்டனை உண்டு அண்ணி."

"க்ஹும். என்ன தண்டனை?"

மாமியார் தங்கையைப் பார்த்தார். தங்கை ஹாலைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை.

"அந்த ட்ரெட்மில்லை நாளைக்கே உங்க வீட்டுக்கு அனுப்பறோம். இத்தனை வருஷ கேக்கையும் நடந்து கரைக்கறீங்க."

"ஐயோ, அதை எங்க வைக்கறது?"

"கைப்பை அலமாரியைக் காலி பண்ணி வைங்க."

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார் மாமியார். "மெஷின் உண்மையைச் சொல்லிடுச்சு. ரூம் உங்களுக்கு. ஆனா எனக்கு ஒரு குடை வாங்கிக் குடுத்துடுங்க."

மாப்பிள்ளை வேகமாகத் தலையாட்டினார்.

அந்தப் பாட்டை முழுதாக மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாவது தடவை அண்ணி கூடவே ஹம் செய்தார். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் அதே செருமல், அதே குளிர்ச்சி. நாத்தனார்கள் இருவரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் பாட்டுக்கு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மற்றவர்கள் ட்ரெட்மில்லைச் சுற்றி நின்று அதை எப்படித் தூக்குவது என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, மாமியார் மட்டும் சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை... அடுத்த வாரம் என் பழைய டீச்சர்ஸ் எல்லாம் வர்றாங்க. அந்தத் தொண்ணூத்தி ஆறு இருக்குல்ல? அதை மறுபடி கொண்டுவர முடியுமா? பாத்திரத்தை இனிமே நானே கழுவிக்கறேன்."

அவர் போன சற்று நேரத்தில் சின்ன மாமியார் வந்தார். முதலில் மாப்பிள்ளையின் தலையைச் சுற்றிப் பார்த்தார்.

"கடைக்கு வாங்க, நானே அழகா வெட்டிவிடறேன். என் கஸ்டமர்ங்க சில பேர் இங்க வந்து பாட்டுக் கேக்கணும்கறாங்க. அந்த இன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, என்ன?"

கடைசியாக அண்ணி, ரெக்கார்டை எடுத்துக்கொண்டு போக வந்தார். அதை உறையில் போட்டவர், என்ன நினைத்தாரோ, திரும்ப மேஜையிலேயே வைத்தார்.

"இது இனிமே இங்கேயே இருக்கட்டும்" என்றார். தோளிலிருந்த சால்வையை எடுத்து, ஒரே நல்ல நாற்காலியின் முதுகில் மடித்துப் போட்டார். "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை. நல்லா சாஞ்சு உக்காருங்க. யார் என்ன கேட்டாலும் உடனே சரின்னுடாதீங்க. 'பாத்து சொல்றேன்'னு மட்டும் சொல்லுங்க."

அவர் போனதும் மனைவி உள்ளே வந்தாள். கையில், கடையில் கண்ணாடி வில்லைகளில் குறி போடும் பேனா. ஒன்றும் கேட்காமல் குனிந்து, குமிழைச் சுற்றி மூன்று புள்ளிகள் வைத்தாள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று.

"அம்மா என்ன சொன்னாங்க?"

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"க்ஹும்" என்றார். "கேக் இன்னும் ஒரு துண்டு இருக்குமா?"